கடுகைப் பச்சையாய் அரைத்தால்

முதல் தடவை நான் செய்த தப்பு, வெந்நீர் ஊற்றியதுதான். கடுகை மிக்ஸியில் பொடித்து, மாவு சல்லடையில் சலித்து, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை அப்படியே ஊற்றிக் கலக்கி மூடி வைத்தேன். சூடாக ஊற்றினால் சாறு சீக்கிரம் இறங்கும் என்பது என் கணக்கு. காப்பித்தூளும் டீத்தூளும் கற்றுக்கொடுத்த கணக்கு அது. கால் மணி நேரம் கழித்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பங்கொழுந்து தோற்றது. கசப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. காரம் மருந்துக்குக்கூடக் கிடையாது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பச்சைக் கடுகை அரைச்சு ஆராச்சும் திம்பாங்களா கண்ணு? கடுகுன்னா தாளிக்கறதுக்குத்தானே" என்றார். கிண்ணத்தைக் கழுவி வைக்கச் சொன்னார்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தங்கச்சி குடும்பம் நியூஜெர்சியில் இருக்கிறது. போன முறை அவிநாசிக்கு வந்தபோது, அங்கே சீன உணவகங்களில் பார்சலோடு தரும் குட்டிக் குட்டிப் பாக்கெட்டுகளில் சிலவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சோயா சாஸ் ஒன்று, இனிப்பும் புளிப்புமாக ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, மஞ்சளாக ஒன்று. மஞ்சளைப் பிய்த்து ஒரு துளி நாக்கில் வைத்ததும் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு நொடி கழித்து மூக்குத் தண்டு வழியாக உச்சந்தலைக்கு ஏதோ ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது, அடுத்த நொடியே ஒன்றும் நடக்காததுபோல அடங்கிவிட்டது. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் முதலில் எழுதியிருந்தது தண்ணீர், அடுத்தது கடுகு. அஞ்சறைப் பெட்டியில் முதல் கிண்ணத்தில் இருக்கிற அதே கடுகு. இத்தனை வருஷம் அதைத் தினமும் தின்றும் இப்படி ஒரு வேலை அதற்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாமல் போனது எப்படி?

அம்மா சொன்னதில்தான் பதில் இருந்தது. கொங்குச் சமையலில் கடுகின் வேலை தாளிப்பதோடு முடிந்துவிடுகிறது. அரிசியும் பருப்பும் சோறானாலும் சரி, கொள்ளுப் பருப்பானாலும் சரி, தட்டப்பயிறுக் குழம்பானாலும் சரி, எண்ணெய் காய்ந்ததும் முதலில் விழுவது கடுகு. வெடித்து முடித்ததும் அடுத்த சாமானுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்ளும். 'கடுகு சிறுத்தாலும் காரம் போகாது' என்று சொல்லிக்கொண்டே அந்தக் காரத்தைப் போக்கித்தான் தினமும் சாப்பிடுகிறோம். நம்பாவிட்டால் ரசத்தில் மிதக்கிற கடுகைப் பொறுக்கி மென்று பாருங்கள். வறுத்த வாசம் இருக்கும், லேசாகக் கசக்கும். காரம் இருக்காது.

காரணம் இதுதான். கடுகுக்குள் காரம் தயாராக இல்லை. காரத்துக்கான இரண்டு சாமான்கள் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ஒன்று சினிக்ரின் போன்ற கந்தகம் கலந்த சர்க்கரைச் சேர்மம். அதற்குக் கசப்பு உண்டு, நெடி கிடையாது. இன்னொன்று மைரோசினேஸ் என்கிற நொதி. விதை முழுசாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. விதை நொறுங்கி, தண்ணீரும் பட்டால் சுவர் இடிந்து இரண்டும் கலக்கும். நொதி அந்தச் சேர்மத்தை வெட்டும். அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட், மூக்கில் ஏறுகிற சரக்கு. செடி இதை வைத்திருப்பது நமக்காக அல்ல. இலையையோ விதையையோ கடிக்கிற பூச்சியின் வாயிலேயே வெடிக்கட்டும் என்று வைத்திருக்கிற வெடி அது.

நொதி என்பது புரதம். முட்டை வெந்தால் இறுகிப்போவதுபோல 60, 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இதுவும் குலைய ஆரம்பிக்கும். காய்ந்த எண்ணெயின் சூடு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். கடுகு வெடிப்பதற்குள் நொதி போய்ச் சேர்ந்திருக்கும். நான் ஊற்றிய வெந்நீரும் அதைத்தான் செய்தது. கசக்கிற சேர்மம் அப்படியே இருந்தது, அதை வெட்ட வேண்டிய கத்தி மட்டும் மழுங்கிவிட்டது.

இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகம் அல்ல. எங்கள் வீதியில் ஒரு லைன் வீட்டில் ஒடிசாக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் அவிநாசிவரை பரவி வருஷங்கள் ஆகிவிட்டன. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வங்காளம், அசாம் என்று யோசித்துப் பார்த்தால் எல்லாம் கடுகு தேசம். மளிகைக் கடையில் கடலெண்ணெய்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கடுகெண்ணெய்ப் பாக்கெட் வந்து உட்கார்ந்தது அவர்களால்தான். அந்த வீட்டுப் பெண் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். தமிழ் நன்றாகவே வரும். என் கசப்புக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "சுடுதண்ணி ஊத்துனா கடுகு செத்துப்போயிடும் அக்கா" என்றாள்.

ஒடிசாவில் கடுகு அரைத்து விட்டுச் செய்யும் குழம்புக்குப் பேசர என்று பெயர். கடுகோடு பூண்டு, சீரகம், மிளகாய் வைத்து அரைத்து மீனிலோ காய்கறியிலோ விடுவார்கள். அவள் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கடுகை அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட்டாள். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, கல்லுப்பு இரண்டு கல், பச்சை மிளகாய் ஒன்று, பூண்டு நாலு பல் சேர்த்துச் சின்ன ஜாரில் போட்டாள். மிக்ஸியை ஓடவிடவில்லை. ஒரு திருகு, நிறுத்தம், மறுபடி ஒரு திருகு. ஜாரின் அடியைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் கொஞ்ச நேரம் விட்டாள். நிற்காமல் ஓட்டினால் கசக்குமாம். உப்பும் பச்சை மிளகாயும் கசப்பை எடுக்கும் என்பது வங்காளத்துச் சமையலறைகளிலும் சொல்கிற பேச்சு. மூடியைத் திறந்தபோது நான் குனிந்து மோந்து பார்த்தேன். அதைச் செய்யாதீர்கள். வெங்காயம் நறுக்கினால் வரும் கண்ணீரெல்லாம் அதற்கு முன்னால் சும்மா.

தமிழில் இதற்கு வாய்ப்பான ஒரு சொல் இருக்கிறது. மிளகாயில் இருப்பது காரம். கடுகில் இருப்பது நெடி. மிளகாயின் கேப்சைசின் எண்ணெயில் கரைவது, ஆவியாகி எழாதது. பட்ட இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு நாக்கையும் உதட்டையும் பத்து நிமிஷம் எரிக்கும். கடுகுச் சரக்கு சாதாரண சூட்டிலேயே ஆவியாகிறது. வாய்க்குள் போனதும் தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கைப் பிடிக்கும், ஆவி கலைந்ததும் விட்டுவிடும். உடம்பில் இரண்டையும் உணர்கிற வாசலும் வேறு வேறு. மிளகாய் தட்டுவது டிஆர்பிவி1 என்ற வாசலை. அதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கடுகு தட்டுவது அதன் பங்காளி வாசலான டிஆர்பிஏ1-ஐ. அதை 2004-ல் காட்டிய ஆய்வுகளில் ஒன்றும் ஜூலியஸின் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததுதான். ஜப்பானிய வசாபி தட்டுவதும் இதே வாசலைத்தான். உணவகங்களில் வசாபி என்று பச்சை நிறத்தில் உருட்டி வைப்பதில் பெரும்பாலானது குதிரைமுள்ளங்கி என்ற கிழங்கும் கடுகும் சாயமும் சேர்ந்த கலவை. நெடி ஒன்றே என்பதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

பச்சை முள்ளங்கியைக் கடித்தால் சுர்ரென்று ஏறுவதும் இந்த வகை நெடிதான். கடுகுக்கு முள்ளங்கி உறவுமுறை. இன்னொரு உறவைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். முருங்கை. எங்கள் அம்மிச்சி முழங்கால் வலிக்கு முருங்கைப் பட்டையையும் கடுகையும் சேர்த்து அரைத்துப் பற்றுப் போடுவார். இரண்டையும் ஏன் சேர்க்கிறார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே சாதிச் சரக்கு. வெள்ளைக்காரர்கள் இங்கே இருந்தபோது குதிரைமுள்ளங்கி கிடைக்காமல் முருங்கை வேரைச் சீவித் தொட்டுக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் முருங்கைக்குக் குதிரைமுள்ளங்கி மரம் என்றே பெயர் விழுந்தது. அதைப் படித்துவிட்டு வேரைத் தோண்டப் போய்விடாதீர்கள். வேர்ப்பட்டையில் நஞ்சு உண்டு.

சரி, கடுகுக்கு வருவோம். எந்தக் கடுகு வாங்குவது?

கடையில் சின்னக் கடுகு, பெரிய கடுகு என்று இரண்டு கேட்டு வாங்கலாம். இரண்டில் எது புதுசோ அது. சம நிலையில் இருந்தால் நான் சின்னதை எடுப்பேன், நெடி சற்றுக் கூடுதலாக எனக்குப் படுகிறது. தமிழ்நாட்டில் கடுகு விளைச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் அனுப்புவதுதான் நம் பெட்டிக்கு வருகிறது. ராஜஸ்தான் அதில் முதல். அதனால் அறுவடை முடிந்து சித்திரை, வைகாசியில் வருவது கைக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இரண்டு வருஷம் டப்பாவில் கிடந்த கடுகு தாளிக்க ஆகும், இதற்கு ஆகாது.

மஞ்சள் கடுகு கிடைத்தால் நல்லது என்று சமையல் குறிப்புகளில் எழுதியிருக்கும். இங்கே கொஞ்சம் குழப்பம் உண்டு. மேல்நாட்டார் வெள்ளைக் கடுகு என்பது வேறு செடி, சினாபிஸ் ஆல்பா. ஹாட்டாக் மேல் பிழிகிற சாது மஞ்சள் சாஸ் அதில் செய்வது. அதன் சரக்கு அவ்வளவாக ஆவியாகாது, நாக்கோடு நின்றுவிடும். மூக்கில் ஏற வேண்டுமென்றால் நம் பழுப்புக் கடுகுதான் வேண்டும். இங்கிலாந்தில் நார்விச் பக்கம் 1814-ல் ஜெரமையா கோல்மன் தொடங்கிய கடுகுப் பொடி பேர் வாங்கியது இரண்டையும் கலந்ததால்தான். நம் நாட்டு மருந்துக் கடையில் வெண்கடுகு கிடைக்கிறது. சாம்பிராணியோடு போட்டுத் தூபம் காட்ட, திருஷ்டி கழிக்க வாங்குகிறோம். இந்த வழக்கம் பழையது. நெடுநல்வாடையில் அரண்மனை வாசலுக்கு நெய்யும் வெண்கடுகும் அப்பியிருந்த செய்தி வருகிறது; அங்கே அதன் பெயர் ஐயவி. தூபத்துக்கு விற்பது சாப்பிடச் சுத்தம் செய்த சரக்கு அல்ல, அதை இதற்கு எடுக்க வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். சீனத்தில் சாஸ் செய்கிற கடுகும் நம் கடுகும் ஒரே இனம்தான், பிராசிக்கா ஜுன்சியா. ஆனால் கிழக்கே விளைவதில் சினிக்ரின் மிகுதி. இந்திய வகைகளில் அதன் தம்பியான குளுக்கோநாபின் மிகுதி. தம்பியிலிருந்து வருவதும் நெடிதான், முனை மட்டும் சற்று மழுங்கியது. ஆகவே வீட்டில் செய்ததைத் தங்கச்சியின் பாக்கெட்டோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒரு படி கீழே நிற்கும். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. கண்ணீர் வந்தால் போதும்.

இனிச் செய்முறை. நூறு கிராம் கடுகை எடுங்கள், வறுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எதைப் பொடித்தாலும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுப் பொடிப்பது நம் கை வழக்கம். ஊறுகாய்க்குக் கடுகும் வெந்தயமும் வறுத்தே பொடிக்கிறோம். ஆந்திரத்து ஆவக்காய்க்கு மட்டும் வெயிலில் காயவைத்துப் பச்சையாகப் பொடிப்பார்கள். புது ஆவக்காய் மூக்கைத் தாக்குவது அதனால்தான். ஈரம் இல்லாமல் துடைத்த கடுகை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்துச் சின்ன ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். ஜார் சூடேறினால் நிறுத்துங்கள். ஒரேயடியாக அரைத்தால் கடுகிலிருந்து எண்ணெய் கசிந்து அடியில் ஒட்டிக்கொள்ளும்.

மாவு சல்லடையில் சலித்தால் கருந்தோல் மேலே நிற்கும். அதை இன்னொரு முறை அரைத்துச் சலியுங்கள். மூன்றாவது முறை வேண்டாம், பேராசை, தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கும். பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகத்தான் பொடி கிடைக்கும். எவ்வளவு சலித்தாலும் கரும்புள்ளிகள் இருக்கும். கடையில் விற்பதுபோலப் பளிச்சென்ற மஞ்சள் வராது. வேண்டுமானால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். கடை சாஸ்களிலும் பல சமயம் நிறம் அங்கிருந்துதான் வருகிறது. மிஞ்சிய தோலைத் தூக்கிப் போடாமல் ஊறுகாய்க்கு வறுத்துக்கொள்ளலாம்.

மூன்று டேபிள்ஸ்பூன் பொடிக்கு மூன்று டேபிள்ஸ்பூன் பச்சைத் தண்ணீர். பானைத் தண்ணீர் உத்தமம். சித்திரை மாசத்து மத்தியானத்தில் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். அந்தச் சூடு நொதியைக் கொல்லாது, உண்மையில் வேலையை முடுக்கிவிடும், ஆனால் எழுந்த நெடி அதே வேகத்தில் பறந்தும் போகும். ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வேலை சோம்பலாக நடக்கும். தோசை மாவுப் பதத்துக்குக் கலக்கித் தட்டு போட்டு மூடுங்கள். பீங்கான் அல்லது கண்ணாடிக் கிண்ணம், மேலே பொருத்தமான மூடி. திறந்து வைத்தால் நமக்கு வரவேண்டியது சமையலறைக் காற்றுக்குப் போகும்.

பத்து நிமிஷம் பொறுங்கள், பதினைந்தும் ஆகலாம். கலக்கியதும் தொட்டு ருசி பார்த்துவிட்டு 'கசக்குது' என்று கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. கசப்பதுதான் சரி, வெட்டுவேலை அப்போதுதான் ஆரம்பிக்கிறது. கசப்பு இறங்க இறங்க நெடி ஏறும். மூடியை ஒருமுறை லேசாகத் தூக்கினால், தள்ளி நின்றாலும் தெரியும்.

நெடி உச்சத்துக்கு வந்த பிறகுதான் வினிகர். முன்னாலேயே ஊற்றினால் நொதி புளிப்பில் மந்தமாகிவிடும். காரம் அரைகுறையாகவே பிறக்கும். பிறந்த பிறகு ஊற்றினால் அதே புளிப்பு நெடியைச் சிதையவிடாமல் பிடித்து வைக்கும். சமையலில் முன்னே பின்னே போட்டால் என்ன என்று நினைக்கிற இடங்கள் நிறைய உண்டு. இது அப்படிப்பட்ட இடம் அல்ல. ஒரு டீஸ்பூன் வினிகர், கால் டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் சர்க்கரை. இவ்வளவும் சேர்த்தால் சாஸ் முடிந்தது.

சீன வாசம் வேண்டுமென்றால் ஒரு சொட்டு எள்ளெண்ணெய் விடுவார்கள். நம் செக்கு நல்லெண்ணெய் இருக்கிறதே என்று தோன்றும். இரண்டும் எள்ளுதான், மணம் வேறு. அவர்கள் எள்ளைச் சிவக்க வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் பச்சை எள்ளைக் கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். அரை டீஸ்பூன் வெள்ளை எள்ளைப் பொன்னிறத்துக்கு வறுத்து, ஆறியதும் சின்ன உரலில் தட்டி, அதில் நாலு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்துச் சேர்த்தால் ஏறக்குறைய அந்த மணம் வந்துவிடுகிறது. சோயா சாஸ் அரை டீஸ்பூன் சேர்ப்பதும் உண்டு. நிறம் மங்கும், ருசி நன்றாக இருக்கும்.

சீனர்களுக்குக் கடுகு புதுசு அல்ல. லி ஜி என்ற அவர்களுடைய பழைய சடங்கு நூலிலேயே பச்சை மீனைக் கடுகுச் சாந்தோடு பரிமாறும் குறிப்பு இருக்கிறது. பெய்ஜிங்கில் சீன முட்டைக்கோஸ் சுருளைக் கடுகில் ஊறவைத்துக் குளிர்காலத்தில் சாப்பிடுவார்கள். மிளகாய் அங்கேயும் நம்மைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து பின்னால் வந்த விருந்தாளிதான். அதற்கு முன்னால் மூக்கையும் நாக்கையும் எழுப்பியது கடுகும் இஞ்சியும் மிளகு வகைகளும். மிளகாய் வந்த பின் நம் ஊரில் மிளகு ஒதுங்கியதுபோல அங்கே கடுகு ஓரமாகப் போனது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் சீனச் சமையல் வேரூன்றிய ஊர் கொல்கத்தா. அதே ஊர்தான் கடுகை அரைத்துப் புளிக்கவைத்த கசுந்தியை மீன் வறுவலுக்குத் தொட்டுக்கொள்ளும் ஊர். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தும், நம் ஊருக்கு வந்த சீனச் சமையலில் கடுகு ஏறவில்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் செய்ததாகச் சொல்லும் சிக்கன் மஞ்சூரியன்தான் எல்லா ஊருக்கும் பரவியது. பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், சோயா, சோளமாவு. கடுகு இல்லை. மேஜைமேல் வைக்கிற சீசாக்களிலும் பச்சை மிளகாய் ஊறிய வினிகர், சோயா, சிவப்பு சாஸ், அவ்வளவுதான்.

அந்த மஞ்சூரியனின் கொங்குத் தம்பிதான் நம் ரோட்டுக்கடைக் காளான். கோயம்புத்தூரில் பிறந்து, சாயங்காலம் ஆனால் அவிநாசியிலும் தள்ளுவண்டிகளில் ஆவி பறக்கிற சாமான். பெயர் காளான், உள்ளே பெரும்பகுதி முட்டைக்கோஸ். காளானைக் கொஞ்சம் கலந்து மாவில் பிசைந்து பொரித்து, தோசைக்கல்லில் குழம்போடு கொத்தி, மேலே வெங்காயமும் மல்லித்தழையும் தூவித் தருவார்கள். அதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை, முட்டைக்கோஸ்தான் அதன் ருசி. குழம்பில் போடுவதற்கு முன் பொரித்த துண்டுகளை மட்டும் ட்ரையாகக் கேட்டு வாங்கி வந்து கடுகு சாஸில் தொட்டுப் பாருங்கள். காலிஃபிளவர் சில்லியும் அப்படியே. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் கடுகின் சொந்தப் பங்காளிகள், ஒரே பிராசிக்கா குடும்பம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டி வழியாக இறங்குகிற மூட்டைகளில் இந்தக் குடும்பமும் உண்டு. குடும்பம் ஒன்றுகூடினால் நன்றாகத்தான் இருக்கிறது.

மோமோஸுக்குச் சிவப்புச் சட்னியை விட இது பொருத்தம். பொரித்த மீனுக்குச் சொல்லவே வேண்டாம். நானாகக் கண்டுபிடித்த ஜோடி ஒன்று உண்டு: உப்புப் போட்டு வேகவைத்த குச்சிக்கிழங்கு. மாவாக, சப்பென்று இருக்கிற கிழங்கு நெடியைத் தாங்கிக்கொள்கிறது. தோசைக்கு முயற்சி செய்தேன். வேண்டாம்.

இலங்கைக்காரர்கள் இதில் நம்மைவிட முன்னே இருக்கிறார்கள். கொழும்பில் மலே அச்சாறு என்று ஒன்று உண்டு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சை, காய்த்துண்டுகளைக் கடுகு அரைத்த வினிகரில் ஊறவைப்பது. கடுகை வினிகரிலேயே அரைப்பதால் நெடி பாய்வதில்லை, சாதுவாக நிற்கும். ஆனால் பல நாள் தாங்கும். பாய வேண்டுமா, தாங்க வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டால் வினிகரை எப்போது ஊற்றுவது என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டியதில்லை.

நம்முடைய சாஸுக்கு ஆயுசு குறைவு. வினிகர் சேர்க்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்தில் இளைக்க ஆரம்பிக்கும், மறுநாள் வெறும் மஞ்சள் சேறு. வினிகர் சேர்த்து, இறுக்கமான மூடி போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் மானத்தைக் காப்பாற்றும். சலித்த பொடியாக வைத்துக்கொண்டு வேண்டும்போது கலக்குவதே மேல். ஈரம் படாத டப்பாவில் அது ஒரு மாசம் கெடாது.

கடுகு ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. முழுக் கடுகு ஒன்றும் செய்யாதவருக்கும் அரைத்தது தடிப்பையோ மூச்சிரைப்பையோ கிளப்பலாம். முதல் தடவை ஒரு துளியோடு நிறுத்திப் பாருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அரைக்கிற வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். அரைத்த விழுது கையில் பட்டால் கழுவிவிட வேண்டும். அம்மிச்சியின் பற்றையே நேரத்துக்கு எடுக்காமல் விட்டால் முழங்காலில் கொப்புளம் வந்துவிடும். முதல் உலகப்போரில் 1917-ல் போட்ட கடுகு வாயுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அது வாசனையால் வந்த பெயர். பையன் ஸ்கூலில் படித்துவிட்டு வந்து கேட்டதால் சொல்கிறேன்.

இரண்டாவது தடவை செய்ததை அம்மாவுக்கு ஒரு துண்டு காலிஃபிளவரில் தொட்டுக் கொடுத்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார், பிறகு கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

நீங்கள் முதல் துண்டைத் தொடும்போது அரிசி அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் எடுத்து மூக்கில் ஏறிவிட்டால் தண்ணீரைத் தேடி ஓட வேண்டாம். ஆவிக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. மூக்கால் மூச்சை இழுத்து வாயால் விடுங்கள். அரை நிமிஷத்தில் போய்விடும்.